மனம் மாறவில்லையா, வாட்டம் சரியில்லையா?

"மலைவாசிகளுக்குக் கக்கூஸ் கட்டிக் கொடுத்து என்ன பயன்? அதில் விறகு அடுக்குகிறார்கள்; ஆட்டுக் குட்டியைக் கட்டுகிறார்கள்; சொம்பை எடுத்துக்கொண்டு பழையபடி காட்டுக்குத்தான் போகிறார்கள். முதலில் இவர்கள் மனம் மாறவேண்டும்!"

கச்சிராயபாளையம் வழியாக ஜீப்பில் கல்வராயன் மலை ஏறி, மாலைக்குள் ஜீப்பிலேயே இறங்கிவிடும் கனவான்கள் பாடும் பல்லவி இது. உத்தியோகஸ்தர்கள் பாடுகிறார்கள், காண்டிராக்டர் அதற்குத் தாளம் போடுகிறார், மறுநாள் பத்திரிகையில் 'விழிப்புணர்வு இல்லாத மலைக் கிராமங்கள்' என்று அச்சாகி வருகிறது. கரியாலூரிலும் வெள்ளிமலையிலும் டீக்கடையில் உட்கார்ந்து அதைப் படிக்கும் நம் ஜனங்களுக்கே, தங்கள் தலையில்தான் ஏதோ கோளாறு இருக்கிறது போலும் என்ற சந்தேகம் வந்துவிடுகிறது.

கோளாறு இருப்பது உண்மை. ஆனால் அது தலையில் இல்லை. எங்கே இருக்கிறது என்று நாம் குனிந்து பார்த்தோம். அவர்களும் ஒரு தடவை குனிந்து பார்த்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

கரியாலூரை ஒட்டிய ஒரு சிற்றூர். மழைக்காலம் முடிந்து சாமை அறுப்பெல்லாம் ஓய்ந்த சமயம். ரேஷன் விஷயமாக ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். வீட்டுக்குப் பின்னால் கக்கூஸ். சுவரில் திட்டத்தின் பெயர், பயனாளியின் பெயர், வருஷம் எல்லாம் பெயிண்டால் எழுதியிருக்கிறது. கதவைத் திறந்தால் மரவள்ளிக் குச்சிக் கட்டுகள்! "ஏம்மா, இதைப் புழங்குவதில்லையா?" என்று கேட்டோம். அந்த அம்மாள் சிரித்துவிட்டுச் சொன்னார்:

"புழங்கினோம் அண்ணே, நாலு மாசம் புழங்கினோம். எங்க வீட்டுக்காரர் ஒரு சொம்பு ஊத்திட்டு வந்துடுவாரு. அது போவாது, அப்படியே நிக்கும். பின்னால நான் போயி முக்காக் குடம் ஊத்தணும். ஊத்துக்குப் போயி தண்ணி தூக்கியாறது யாரு? நான்தானே! அதுக்குக் காடே தேவல."

இதிலே மனம் எங்கே மாறவில்லை? நாலு மாதம் புழங்கிப் பார்த்தவள் அவள். கணக்குப் போட்டாள், கணக்கு உதைத்தது, விட்டுவிட்டாள். அந்தக் கணக்கை நாமும் போட்டுப் பார்ப்போம்.

ஒழுங்காக வேலை செய்கிற கிராமக் கக்கூஸுக்கு ஒரு தடவைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தண்ணீர் போதும். ஒரு பெரிய சொம்பு, அவ்வளவுதான். அந்த அம்மாள் வீட்டில் பத்து லிட்டர் ஊற்ற வேண்டியிருந்தது. வீட்டில் ஐந்து பேர். நபருக்கு ஒரு தடவை என்றே வைத்துக் கொண்டாலும் ஒரு நாளைக்கு 50 லிட்டர். சரியான கக்கூஸாக இருந்தால் 10 லிட்டரில் முடிந்திருக்கும். மிச்சம் 40 லிட்டர் வீணான சுமை. ஒரு குடம் 15 லிட்டர் பிடிக்கும் என்றால், ஒரு வருஷத்தில் ஏறக்குறைய 970 குடம்! யாரோ ஒருவர் பார்க்காமல் விட்ட பிழைக்காக ஒரு பெண்பிள்ளை 970 குடம் தண்ணீரை இடுப்பிலும் தலையிலும் சுமந்து மேடேற வேண்டும். சுமக்க மறுத்தால் அவளுக்கு விழிப்புணர்வு இல்லை என்று பெயர்.

மேகம் அருவியையும் பெரியார் அருவியையும் பார்க்க வெளியூர்க்காரர்கள் வந்து குளித்துவிட்டுப் போகும் மலை இது. தண்ணீருக்குப் பஞ்சமா என்று கேட்பவர்கள் ஊற்றங்கரையிலிருந்து ஒரு குடத்தை வீடு வரை தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்கட்டும்.

சரி, தண்ணீர் ஏன் போகவில்லை? குச்சிக் கட்டுகளை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, நாமும் அந்த வீட்டுப் பையனும், சமவெளியில் கொத்து வேலை செய்து பழகிய நம் தோழர் ஒருவருமாகச் சேர்ந்து பரிசோதனை செய்தோம். இதற்கு எஞ்சினியர் வேண்டியதில்லை. ஒரு வாளியும் ஒரு சொம்பும் போதும்.

முதலில் ஒரு வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் கொட்டினோம். 'கடகட'வென்று போய்விட்டது. ஆகவே வழியில் அடைப்பு இல்லை. பிறகு ஒரு சொம்பு ஊற்றினோம். போட்ட மண்ணாங்கட்டி நின்ற இடத்திலேயே நின்றது. வெளியே இரண்டு குழிகளுக்கும் பிரிகிற இடத்தில் உள்ள இணைப்புத் தொட்டியின் மூடியைக் கிளப்பிப் பார்த்தோம்; உள்ளே தண்ணீர் தேங்கவில்லை. குழியும் நன்றாக உறிஞ்சுகிறது. அப்படியானால் குற்றவாளி வீட்டுக்குள்ளேதான் இருக்கவேண்டும்! பீங்கானும் அதன் அடியில் இருக்கும் வளைவும்தான்.

பீங்கானுக்குக் கீழே, கொத்தனார்கள் 'டிராப்' என்று சொல்லும் வளைந்த குழாய் ஒன்று இருக்கிறது. அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். குழியிலிருந்து நாற்றமும் ஈயும் கொசுவும் மேலே வராமல் தடுக்கும் தண்ணீர் மூடி அது. 'வாட்டர் சீல்' என்று கடைக்காரர் சொல்வார். நாம் மேலே ஊற்றும் தண்ணீர் இந்த மூடியைத் தள்ளிக்கொண்டுதான் அப்பால் போகவேண்டும். மூடி ஆழமாக இருந்தால் தள்ளுவதற்கு அதிகத் தண்ணீர் வேண்டும். ஆழம் குறைவாக இருந்தால் சொம்புத் தண்ணீரே தள்ளிவிடும். கைவாக்கில் ஊற்றும் கிராமக் கக்கூஸுக்கு இந்த ஆழம் 20 மில்லி மீட்டர், அதாவது முக்கால் அங்குலம் இருக்கவேண்டும் என்பது சர்க்காரின் சொந்த விதி. மேலே தொட்டி வைத்துத் தண்ணீரை வேகமாக இறக்கும் பட்டணத்து வீடுகளுக்கான டிராப்பில் 50 மில்லி மீட்டர், இரண்டு அங்குலம். பக்கத்து வீட்டில் பொருத்தாமல் கிடந்த அதே ரக டிராப்பை எடுத்து, தண்ணீர் ஊற்றி, ஈர்க்குச்சியால் அளந்தோம். இரண்டு அங்குலம்! பீங்கானும் பட்டணத்துப் பீங்கான்தான். கிராமப் பீங்கானின் அடித்தளம் 25 முதல் 28 டிகிரி வரை செங்குத்தாகச் சரிந்திருக்கவேண்டும். இதுவோ தட்டு மாதிரி படுத்திருக்கிறது.

குழாய் வசதி இல்லாத மலை வீட்டுக்கு, குழாய் வசதி உள்ள வீட்டின் சரக்கு. கடையில் அதுதான் கிடைத்தது, அதை வாங்கினார்கள், பொருத்தினார்கள், பில் பாஸானது. ஒன்றேகால் அங்குல வித்தியாசத்துக்குத்தான் 970 குடம்.

அடுத்த வீட்டில் கதை வேறு. அங்கே வாளித் தண்ணீரைக் கொட்டியதும் மேலே எழும்பி வந்து நின்றது. அரை மணி நேரம் கழித்துத்தான் மெல்ல இறங்கியது. இணைப்புத் தொட்டியைத் திறந்தால் விளிம்பு வரை தண்ணீர். கோளாறு குழியில். அந்தக் குழிக்கு இறக்கியிருந்த சிமெண்டு உறைகளில் ஒரு துவாரம்கூட இல்லை. உறைக்கும் உறைக்கும் நடுவே கலவை போட்டு நன்றாகப் பூசியிருந்தார்கள். அடியிலும் கான்கிரீட்! உறிஞ்சுகுழி என்றால் மண் தண்ணீரை உறிஞ்ச வேண்டும். செங்கல்லைத் தேன்கூடு போல இடைவெளி விட்டு அடுக்க வேண்டும், அல்லது உறையில் துவாரம் இருக்க வேண்டும். அடி மண்ணாகவே இருக்க வேண்டும். இவர்கள் கட்டியிருப்பது உறிஞ்சுகுழி அல்ல, பூமிக்குள் புதைத்த அண்டா. தண்ணீரும் வெளியேறாது, வாயுவும் வெளியேறாது. அண்டா நிறைந்ததும் கக்கூஸ் பூட்டப்பட்டுவிட்டது. வீட்டுப் பெரியவர் நம்மிடம், "கட்டுறப்பவே ஸ்டிராங்கா பூசித் தரச் சொன்னேனுங்க" என்று பெருமையாகச் சொன்னார். அவரைக் குறை சொல்ல நமக்கு நா எழவில்லை. அது ஏன் கூடாது என்று அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு எங்கே போயிருந்தார்கள்?

இன்னொரு வகையும் உண்டு. பீங்கான் சரி, குழி சரி. நடுவில் போகும் குழாய்க்கு வாட்டம் இல்லை. 15 அடிக்கு ஓர் அடியாவது இறக்கம் வேண்டும். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் குழாய் சமமாகக் கிடக்கிறது; சில இடத்தில் குழியைப் பார்க்க ஏறிக்கூட இருக்கிறது. மலைச் சரிவில் வீடு கட்டியவர்கள், தோண்டுவதற்கு மண் இளக்கமாக இருந்த மேட்டுப் பக்கத்தில் குழியைத் தோண்டியதால் வந்த வினை. தண்ணீர் மேடேறுமா? இரண்டு குழிகளையும் ஒரே சமயத்தில் திறந்து விட்டிருக்கும் வீடுகளும் உண்டு. ஒன்றைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு மற்றதைப் புழங்க வேண்டும் என்பதுதான் இரட்டைக் குழியின் சூட்சுமமே. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு குழி நிறைய ஏறத்தாழ மூன்று வருஷம் ஆகும்; பிறகு அடுத்ததற்குத் திருப்பிவிட்டால், நிறைந்த குழி இரண்டு வருஷத்தில் நாற்றமற்ற எருவாகிவிடும். இரண்டையும் சேர்த்துத் திறந்தால் இரண்டும் சேர்ந்து நிறையும். ஆற வைக்க இடமிருக்காது.

பாறை தட்டும் இடத்தில் ஒரு மீட்டர் ஆழம் எங்கே போவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அங்கே குழியை அரைவாசி தரைக்கு மேலே எழுப்பி, சுற்றிலும் மண் அணைத்து மேடாக்கி, பீங்கானையும் அதற்கேற்ப உயர்த்த வேண்டும். வெடிப்புள்ள பாறையாக இருந்தால் கீழே ஊற்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கடப்பாறையையே எடுக்கவேண்டும். பாறை வெடிப்பில் அழுக்கு வெகுதூரம் ஓடும். இதற்கெல்லாம் செலவு கூடும், கூலி கூடும். ஆனால் 2014 அக்டோபர் 2-ல் தொடங்கிய தூய்மை பாரதத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஒதுக்கிய ஊக்கத்தொகை 12,000 ரூபாய்; கை கழுவவும் சுத்தம் செய்யவும் தண்ணீர் சேமிக்கும் வசதியும் அதிலேயே அடக்கம். கள்ளக்குறிச்சிப் பட்டணத்துக்குப் பக்கத்துக் கிராமத்துக்கும் அதே 12,000. செங்கல்லும் மணலும் மலை ஏறி வரவேண்டிய கரியாலூருக்கும் அதே 12,000! சமத்துவம் என்றால் இதுவல்லவோ சமத்துவம்!

கட்டியாகிவிட்டதா என்று எப்படிச் சோதித்தார்கள் தெரியுமா? போட்டோ எடுத்தார்கள். கக்கூஸின் முன்னால் பயனாளியை நிற்க வைத்து, இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையோடு படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். படத்தில் கதவு தெரியும், பெயிண்டு தெரியும், பயனாளியின் மிரண்ட முகமும் தெரியும். டிராப்பின் ஆழம் தெரியுமா? குழாயின் வாட்டம் தெரியுமா? உறையில் துவாரம் இருக்கிறதா என்பது தெரியுமா? போட்டோக்களை எண்ணிக் கூட்டி, 2019 அக்டோபர் 2-ல் ஆமதாபாத்தில், இந்தியக் கிராமங்கள் முழுவதிலும் திறந்தவெளியில் மலம் கழிப்பது ஒழிந்துவிட்டது என்று பிரதமர் பிரகடனம் செய்தார். அதே சர்க்காரின் சுகாதார இலாகா 2019-21-ல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு என்ன சொன்னது? கக்கூஸ் வசதியே புழங்காத குடும்பங்கள் தேசம் முழுவதிலும் நூற்றுக்கு 19. கிராமங்களில் மட்டும் பார்த்தால் 26. ஒரு கை ஒழித்துவிட்டது என்கிறது, இன்னொரு கை இருக்கிறது என்று எழுதுகிறது. கிராமங்களுக்குக் கக்கூஸ் கட்டும் மத்தியத் திட்டம் 1986-லேயே வந்தது. 1999-ல் ஒரு பெயர், 2012-ல் ஒரு பெயர், 2014-ல் ஒரு பெயர். பெயர்ப் பலகை மாறிய அளவுக்கு டிராப் மாறியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

இன்னும் வேடிக்கை ஒன்று உண்டு. இந்த முக்கால் அங்குல விஷயம் நேற்றுக் கண்டுபிடித்ததல்ல, சீமையிலிருந்து வந்ததும் அல்ல. 1950-களின் பிற்பகுதியில் மத்திய சுகாதார மந்திரி சபை, கிராமத்துக்கு ஏற்ற கக்கூஸ் எது என்று கண்டறிய மூன்று இடங்களில் ஆராய்ச்சி நடத்தியது. டில்லிக்கு அருகே நஜஃப்கர், வங்காளத்தில் சிங்கூர், மூன்றாவது நம் சென்னைக்கு அருகேயுள்ள பூவிருந்தவல்லி! கைவாக்கில் தண்ணீர் ஊற்றும் ஜனங்களுக்கு முக்கால் அங்குலத் தண்ணீர் மூடிதான் சரி என்று அந்த ஆராய்ச்சி வகுத்த மாதிரிக் கக்கூஸ் வைத்தியக் கல்லூரிப் பாட புத்தகத்தில்கூட ஏறிவிட்டது. பூவிருந்தவல்லியில் கண்டறிந்த சங்கதி அறுபது வருஷம் கழித்தும் கல்வராயன் மலை ஏறவில்லை. ஜாகீர் ஆட்சியே 1976 வரை நீடித்த மலை அல்லவா. எல்லாம் தாமதமாகத்தான் வரும் போலும்.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. அதை நாம் மறைக்கப் போவதில்லை. நல்ல கக்கூஸ் இருந்தும் வெளியே போகிறவர்கள் உண்டு. 2014-ல் வடக்கே ஐந்து மாநிலங்களில் நடந்த ஓர் ஆய்வில், வேலை செய்யும் கக்கூஸ் உள்ள வீடுகளில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவற்றில், ஒருவராவது வெளியே போவதாகத் தெரிந்தது. நம் ஊரிலும் விடிகாலைக் காற்றில் நடந்து போவதுதான் சுகம் என்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வடக்கே அந்த ஜனங்கள் சொன்ன காரணத்தையும் முழுக்கக் கேட்கவேண்டாமா? குழி நிறைந்தால் யார் எடுப்பது என்ற பயம்! ஒரு குறிப்பிட்ட ஜாதிதான் எடுக்கவேண்டும் என்று ஆயிரம் வருஷமாகச் செய்துவைத்த அநியாயத்தின் பயம் அது. குழி நிறையக் கூடாதென்று அறை போலப் பெரிய தொட்டி கட்ட ஆசைப்படுகிறார்கள். கட்டப் பணமில்லாதவர்கள் வெளியே போகிறார்கள். இரண்டு வருஷம் ஆறிய குழியில் இருப்பது எரு, அதை அள்ளுவதில் எந்த இழிவும் இல்லை என்று காட்டினால் இந்தப் பயத்தில் பாதி போய்விடும். காட்டுவதற்கு முதலில் ஒரு குழியாவது ஒழுங்காக வேலை செய்யவேண்டும் அல்லவா?

இங்கேதான் நமக்கு உண்மையான கவலை. கக்கூஸில் தண்ணீர் போகவில்லை என்றதும், 'குழிக்குள் ஆளை இறக்கிப் பார்' என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒருக்காலும் கூடாது! மூடிக் கிடந்த குழியில் விஷவாயு நிற்கும். இறங்கியவர் மூர்ச்சையாவார், அவரைத் தூக்க இறங்கியவரும் மூர்ச்சையாவார். தமிழ்நாட்டில் இப்படிச் செத்தவர்கள் பட்டியல் நீளமானது. பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது 2013-ம் வருஷச் சட்டப்படி குற்றம். செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014-ல் விதித்த சுப்ரீம் கோர்ட், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. பணம் உயர்ந்தது, இறக்குவது நிற்கவில்லை. உறையில் துவாரம் போடாமல் அண்டா கட்டிவிட்டுப் போகிறவன், நாளைக்கு எவனோ ஓர் ஏழையின் பிள்ளை இறங்குவதற்குப் படுகுழி வெட்டிவிட்டுப் போகிறான் என்றுதான் நாம் சொல்வோம். நம் பரிசோதனையில் ஒருவரும் எந்தக் குழிக்குள்ளும் கால் வைக்கவில்லை. மூடியைத் திறந்து விலகி நின்று பார்த்தோம். பீடி பற்ற வைக்கவும் விடவில்லை.

கள்ளக்குறிச்சி, சங்கராபுரம் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் தொட்டி வைத்த கக்கூஸ் இருந்தும் சரியாகப் போகவில்லை என்றால், பிளம்பரைக் கூப்பிடுமுன் தொட்டி மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் குறியிட்ட மட்டம் வரை ஏறுகிறதா? இல்லையென்றால் மிதவையைச் சற்று உயர்த்துங்கள். விளிம்பின் உட்புறத் துவாரங்களில் உப்புப் படிந்து அடைத்திருக்கிறதா? குச்சியால் குத்தி விடுங்கள். ஒரு வாளித் தண்ணீர் கொட்டினால் போகிறது, தொட்டித் தண்ணீரில் போகவில்லை என்றால் குற்றம் தொட்டியில்தான். வாளித் தண்ணீரும் நின்றால் குழாயில் அல்லது குழியில். ஆசிட்டை மட்டும் ஊற்றாதீர்கள். குழியில் அழுக்கை மக்கச் செய்யும் கிருமிகள் செத்துப் போகும்.

அந்த அம்மாள் வீட்டுக்கு வருவோம். டிராப்பை மாற்றினோம். முக்கால் அங்குல டிராப்பைக் கடை கடையாகத் தேடிக் கடைசியில் ஆத்தூரில் பிடித்தோம். ஒரு நாள் வேலை. பீங்கானை மாற்றப் பணமில்லை. பழையதையே, பின்பக்கம் கொஞ்சம் தூக்கி வாட்டம் கொடுத்து வைத்தோம். ஆகவே இரண்டு லிட்டர் போதவில்லை, மூன்று லிட்டர் வேண்டியிருக்கிறது. இருந்தாலும் ஒரு குடத்தில் வீடு முழுவதும் ஒரு நாளை ஓட்டிவிடுகிறது. மரவள்ளிக் குச்சிகள் திண்ணைக்குப் போய்விட்டன. எந்த விழிப்புணர்வு ஊர்வலமும் நடக்கவில்லை. ஒருவர் மனத்தையும் நாம் மாற்றவில்லை.

அண்டா கட்டிய வீட்டுக்கு நம்மால் ஒன்றும் செய்ய முடியவில்லை. உறையைப் பெயர்த்தெடுத்துப் புதிதாகக் குழி போடவேண்டும். அந்தக் குடும்பத்திடம் அதற்குக் காசு இல்லை. 'உங்களுக்கு ஒரு தடவை கொடுத்தாகிவிட்டது, மறுபடி கொடுக்க விதியில்லை' என்று ஆபீசில் சொல்லிவிட்டார்களாம். யாருக்குக் கொடுத்தார்கள்? வேலை செய்யாத ஒன்றைக் கட்டியவனுக்கு அல்லவா கொடுத்தார்கள்! 2024-ல் கள்ளக்குறிச்சி விஷச் சாராயச் சாவுகளுக்குப் பிறகு ஹைகோர்ட்டே தானாக முன்வந்து இம்மலை ஜனங்களின் நிலைமையை விசாரிக்க எடுத்துக்கொண்டது. ரோடு, ஆஸ்பத்திரி, ரேஷன் என்று கேள்விகள் எழுந்தன. சுவரில் பெயர் எழுதிய இந்தக் கக்கூஸ்களையும் அந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும்.

நாம் மகஜர் எழுதியிருக்கிறோம். கேட்பது அதிகமில்லை. கட்டி முடித்த ஒவ்வொரு கக்கூஸையும், வீட்டுக்காரர் கண்ணெதிரே, கட்டியவர் கையாலேயே ஒரு சொம்பு ஊற்றிச் சோதிக்க வேண்டும். போனால் பணம், போகாவிட்டால் மாற்றிக் கட்ட வேண்டும், கட்டியவர் செலவில். ஏற்கெனவே கட்டிக் கெட்டுப் போனவற்றுக்குப் பழுது பார்க்கும் தொகையைத் தனியாக ஒதுக்கவேண்டும். மலைக்கு ஏற்றுக்கூலியும் சேர்த்து. கடைக்காரர்கள் முக்கால் அங்குல டிராப்பை வைத்திருக்கும்படி செய்வதும் அதிகாரிகள் வேலைதான். வாங்குவார் இல்லை என்பதால் அவர்கள் வைப்பதில்லை, அவர்கள் வைக்காததால் வாங்குவார் இல்லை!

வருகிற ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊரில் பதினோரு வீடுகளின் இணைப்புத் தொட்டிகளைத் திறந்து பார்க்கப் போகிறோம். வாளியும் சொம்பும் அங்கேயே கிடைக்கும். ரசமட்டம் வைத்திருக்கும் கொத்தனார் தோழர்கள் யாராவது இருந்தால் காலை எட்டு மணிக்குக் கரியாலூர் பஸ் நிறுத்தத்துக்கு வந்து சேருங்கள்.